அடுத்த வருஷம்

"மகள், இந்த ஃபோர்ம கொஞ்சம் நிரப்பித் தாங்க."

சமையலறை மேசையில் உம்மா ஒரு தாளை வைத்தார். ஒரு கல்வி உதவி நிதியத்தின் விண்ணப்பப் படிவம். தம்பிக்காக என்றுதான் நினைத்தேன். விண்ணப்பதாரியின் பெயர் என்ற இடத்தில் உம்மா தன் பெயரைச் சொன்னபோது என் பேனை நின்றுவிட்டது.

"உங்களுக்கா உம்மா?"

"ஓ மகள், எனக்குத்தான்."

உம்மாவுக்கு 38 வயது. அக்குறணையில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள முன்பள்ளியில் ஆசிரியைக்கு உதவியாக இருக்கிறார். பாட்டும் கதையும் சொல்லிக் கொடுப்பது முதல் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்து விடுவது வரை எல்லாம் செய்கிறார். ஆனால் கையில் சான்றிதழ் இல்லை. ஆகவே சம்பளமும் உதவியாளருக்கு உரியதுதான். இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தில் முன்பள்ளிக் கல்வி படிக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. கண்டிப் பிராந்திய நிலையம் பொல்கொல்லையில் இருக்கிறது. கட்டுகஸ்தோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ்.

படிவத்தைத் தொடர்ந்து நிரப்பினேன். தந்தையின் பெயர். தந்தையின் தொழில். தந்தையின் மாத வருமானம். உம்மாவின் வாப்பா மௌத்தாகிப் பதினொரு வருடங்கள்.

"வாப்பாட தொழிலுக்கு என்ன எழுதுற?" என்று கேட்டு உம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: விண்ணப்பதாரி 25 வயதுக்கு மேற்படாதவராக இருத்தல் வேண்டும். அதை வாசித்ததும் இருவருடைய சிரிப்பும் நின்றது. உம்மா தாளை நான்காக மடித்து அரிசிப் பேணிக்குக் கீழே வைத்துவிட்டு, கறியைப் பார்க்கப் போனார்.

எமது நாட்டில் படிப்பதற்கு உதவி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்தபோது, 1945இல் இலவசக் கல்வி வந்தது. அதனால்தான் நானும் என் தோழிகளும் கட்டணம் இல்லாமல் இந்தக் கல்லூரியில் படிக்கிறோம். 1981இல் லலித் அத்துலத்முதலி மகாபொல நிதியத்தை உருவாக்கினார். உயர்தரத்தில் சித்தியடைந்து அரச பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகும் வசதி குறைந்த பிள்ளைகள் எத்தனையோ பேர் அந்தப் புலமைப்பரிசிலால் படித்து முடித்திருக்கிறார்கள். ஆனால் மகாபொலவும் பெற்றோரின் வருமானத்தைத்தான் பார்க்கிறது. இந்த உதவிகள் எல்லாம் பாடசாலையிலிருந்து நேராகப் பல்கலைக்கழகத்துக்கு நடந்து போகும் பிள்ளையை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. நடுவில் வழி மாறிப் போய், இருபது வருடங்கள் கழித்துத் திரும்பி வருகிறவரை அவை எதிர்பார்க்கவில்லை.

அப்படித் திரும்பி வருகிறவர்களுக்காகக் கதவைத் திறந்து வைத்திருப்பது 1980இல் தொடங்கப்பட்ட திறந்த பல்கலைக்கழகம். தொழில் செய்துகொண்டே, பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே அங்கு படிக்கலாம். ஆனால் அங்கு கட்டணம் உண்டு. வருமானம் குறைந்தவர்கள் சேர்ந்த பின்னர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம் என்று உம்மா விசாரித்து வைத்திருந்தார். அதற்கு முதலில் சேர வேண்டுமே!

உம்மா சேர்ந்திருந்த சீட்டில் பத்துப் பேர். மாதம் 3,000 ரூபாய். உம்மாவின் முறை எட்டாவது மாதம்தான். பல்கலைக்கழகப் பதிவோ அந்த மாதத்தோடு முடிகிறது. இரண்டாவது முறை பக்கத்து வீட்டு மாமிக்கு விழுந்திருந்தது. கூரைத் தகரம் மாற்ற வைத்திருந்த முறை அது. உம்மா தயங்கித் தயங்கிக் கேட்டபோது மாமி, "மழைக்கு இன்னும் நாள் இருக்கு. நீங்க எடுங்க, நான் எட்டாவத எடுக்கிறன்" என்றார். 30,000 ரூபாய் வீட்டுக்கு வந்தது.

அதே கிழமையில் எனது கணக்கீட்டு மீட்டல் வகுப்பு தொடங்கியது. முற்பணமும் பாடத் தொகுதியும் சேர்த்து 12,000 ரூபாய். வாப்பாவின் கடையில் அந்த மாதம் வியாபாரம் இல்லை. நான் உம்மாவிடம் போய்ச் சொன்னேன்: "உம்மா, நீங்க அடுத்த வருஷம் படிக்கலாந்தானே?"

உம்மா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "சரி மகள்" என்றார். காசை எண்ணி என் கையில் வைத்தார்.

அன்றிரவு உம்மும்மாவின் கால்களுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார் போலும். மெதுவாகச் சொன்னார்:

"உங்கட உம்மாவும் அண்டைக்கு இப்பிடித்தான் சரி எண்டு சொன்னா."

2004ஆம் ஆண்டு. உம்மா உயர்தரம் முதலாம் வருடம். மாமா சாதாரண தரம். வீட்டில் ஒருவரை மட்டுமே வகுப்புக்கு அனுப்பக் காசு இருந்தது. மாமாவை அனுப்பினார்கள். "நீங்க அடுத்த வருஷம் பாப்பம் மகள்" என்று உம்மும்மா சொன்னாராம். அடுத்த வருடம் வேறு செலவு வந்தது. அதற்கடுத்த வருடம் கலியாணம் வந்தது. அதன்பின் நான் வந்தேன்.

"நான் சொன்ன அடுத்த வருஷம் இன்னும் வரல்ல" என்றார் உம்மும்மா. அவருடைய கண்களை நான் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவிருக்கவில்லை.

மீலாத் விழாப் பேச்சுப் போட்டியில் பெண்கல்வி பற்றிப் பேசி முதலிடம் பெற்றவள் நான். தந்தை விட்டுச்சென்ற சொத்தைக் கொண்டு, 859இல் பெஸ் நகரில் கரவிய்யீன் பள்ளிவாசலைக் கட்டியவர் என்று சொல்லப்படும் பாத்திமா அல் பிஹ்ரியைப் பற்றி மேடையில் உரக்கப் பேசினேன். எல்லாரும் கைதட்டினார்கள். உம்மாவும் இரண்டாவது வரிசையில் இருந்து கைதட்டினார். அதே உம்மாவின் படிப்புக்கு வைத்த காசைத்தான் நான் வாங்கி வைத்திருந்தேன். கணக்கீடு படிக்கும் எனக்கு இந்தச் சின்னக் கணக்குப் புரியாமல் போய்விட்டது.

மறுநாள் சுபஹுக்குப் பிறகு காசை உம்மாவிடம் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்க மறுத்தார். "உங்கட எக்ஸாம் முக்கியம் மகள்" என்றார். "உங்கட எக்ஸாமும் முக்கியம் உம்மா" என்றேன். தோழியின் பாடத் தொகுதியைப் பிரதி எடுத்து, அவளோடு சேர்ந்து படிப்பதென்று முடிவு செய்தேன். அது இலேசாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். முதல் தவணைப் பரீட்சையில் எனது புள்ளிகள் குறைந்தன. இரண்டாம் தவணையில் ஓரளவு கூடின.

கட்டணம் மட்டும்தான் செலவு என்று நினைத்திருந்தேன். அதுவும் பிழை. பஸ் காசு, போட்டோ பிரதி, வகுப்புள்ள நாட்களில் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள், அன்றைய சமையல் என்று எத்தனையோ! தம்பியை நான் பார்க்கிறேன். சமையலை வாப்பா பொறுப்பெடுத்தார். முதல் நாள் பருப்பு கரிந்தது. யாரும் முறைப்பாடு செய்யவில்லை.

உதவித்தொகைக்கான வருமானச் சான்றிதழுக்காகக் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்துக்கும் உம்மாவோடு நானும் போனேன். விண்ணப்பம் அனுப்பியாயிற்று. பதில் இன்னும் வரவில்லை.

அன்புச் சகோதரிகளே, எங்களில் பலர் நாளை உழைப்போம். பழைய மாணவிகள் சங்கத்தில் இருப்போம். கல்வி உதவி நிதிகள்கூடத் தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ். அன்று படிவம் தயாரிக்கும்போது வயதுக் கட்டுப்பாட்டை எடுத்துவிடுவோம். "உங்களைப் பராமரிப்பவர் யார்?" என்று கேட்கும் இடத்தில், "நீங்கள் யாரைப் பராமரிக்கிறீர்கள்?" என்று இன்னொரு கேள்வியையும் சேர்ப்போம். ஒரு தாய் படிக்க வரும்போது அவளுடைய உண்மையான செலவு அந்தக் கேள்விக்கான பதிலில்தான் இருக்கிறது.

இப்போது இஷாவுக்குப் பின் எங்கள் சமையலறை மேசையில் இரண்டு பேர் படிக்கிறோம். நேற்று உம்மா தனது முதல் ஒப்படையை எழுதி முடித்தார். என்னிடம் நீட்டி, "பிழை இருந்தா திருத்துங்க மகள்" என்றார். இரண்டு எழுத்துப் பிழைகள் இருந்தன. பென்சிலால் வட்டமிட்டுக் கொடுத்தேன். உம்மா அழிறப்பரை எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்குக் கீழே நகர்ந்து உட்கார்ந்தார்.