அலமாரி மேல் ஒரு ஆள்

மலருக்குக் கட்டுரை கேட்டுப் பேரவைச் செயலாளர் மூன்று தடவை என் ரூமுக்கு வந்துவிட்டார். "கவிதை மட்டும் வேண்டாம்ப்பா, ஏற்கெனவே நாற்பது தேறிடுச்சு" என்றார். அதில் பாதிக்கு மேல் 'அவள்' பற்றியதாம். எனக்கு அவளும் கிடையாது, கவிதையும் வராது. ஆகவே நண்பர்களே, எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். இரண்டாம் ஆண்டில், சனிக்கிழமை ராத்திரிகளில், ஹாஸ்டல் மொட்டை மாடியில் நாங்கள் ஐந்து பேர் ஆடிய ஆட்டத்தைப் பற்றி. (சீட்டாட்டம் இல்லை. வார்டன் சார் இதைப் படித்தால் இந்த வரியை இரண்டு முறை படிக்கவும்.)

அதற்கு முன்னால் என் உயரத்தைச் சொல்லிவிடுகிறேன். நாலடி பத்தரை அங்குலம். அந்த அரையை நான் விட்டுக்கொடுப்பதில்லை.

மூன்றாவது செமஸ்டரில் லேத் ஷாப். சக்கில் ஜாப்பை மாட்ட நான் எக்கி எக்கி நிற்பதைப் பார்த்த இன்ஸ்ட்ரக்டர் சார், மூலையில் கிடந்த கனமான மரப்பலகை ஒன்றை இழுத்துப் போட்டு, "இதுல ஏறி நில்லுப்பா" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் அன்று சாயந்திரத்துக்குள் பேட்ச் முழுக்க எனக்கு 'பலகை' என்று பேராகிவிட்டது. மெஸ்ஸில் இட்லி வாங்கப் போனால், "பலகைக்கு ரெண்டு சேர்த்துப் போடுங்கண்ணே, வளரட்டும்!" நானும் சேர்ந்து சிரிப்பேன். வேறென்ன செய்வது?

ஆட்டத்தைக் கொண்டுவந்தது மெகட்ரானிக்ஸ் சீனியர் ஒருவர். பெயர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கியது. பலகையும் காயும் கட்டாயமில்லை. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, "நான் கதவை உடைக்கிறேன்", "நான் ஒளிஞ்சுக்கறேன்" என்று சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்பதை இருபது முகப் பகடை முடிவு செய்யும். அதன் அடிப்படை விதிகளை 2023 ஜனவரியில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று கம்பெனியே திறந்து விட்டது. எனவே எங்கள் ஜெராக்ஸ் பிரதி திருட்டுப் பிரதி அல்ல என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். பகடையைக் கூட நாங்களே செய்தோம். இன்ஜினியரிங் கிராஃபிக்ஸில் படித்த டெவலப்மென்ட்டை வைத்து, சார்ட் பேப்பரில் இருபது முக்கோணம் வரைந்து, வெட்டி, மடித்து, ஃபெவிகால் போட்டு ஒட்டினோம். படித்தது வாழ்க்கையில் உதவும் என்று சொன்ன சார் வாழ்க!

முதலில் உன் பாத்திரம் எந்த இனம் என்று முடிவு செய்ய வேண்டும். எங்கள் பிரதியில் ஒன்பது இனம் இருந்தது. ஒரு கதையில் ஒரு இனத்தை இரண்டாவது முறை எடுக்கக் கூடாது என்பது சீனியர் போட்ட சட்டம். ஒருவன் மனிதன், ஒருவன் எல்ஃப், ஒருவன் ட்வார்ஃப். நான் கொஞ்சமும் யோசிக்காமல் ஹாஃப் ஆர்க் எடுத்தேன். பாதி மனிதன், பாதி ராட்சசன். பலத்துக்கு 2 புள்ளி கூடுதல், கையில் பெரிய கோடரி. ஆறரை அடி என்று எழுதி, 'பீமன்' என்று பேர் வைத்தேன். ஏன் ஹாஃப் ஆர்க் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை, இல்லையா?

மூன்றாவது வாரம் கதை ஒரு சின்ன ஊருக்குப் போனது. கயிறு வாங்க ஒரு கடைக்குள் நுழைந்தோம். கடைக்காரர் ஒரு நோம். (எழுத்தில் முன்னால் ஒரு 'ஜி' இருக்கும், வாயில் வராது. பத்து நாள் 'க்னோம்' என்றே சொல்லிக்கொண்டிருந்தோம்.) நோம் என்றால் மூன்றிலிருந்து நாலடி உயரம், பதினெட்டு கிலோ போல எடை. அம்பது அடிக் கயிறு ஒரு பொற்காசு என்றார். விதிப்புத்தகத்தில் இருக்கும் விலைதான், ஏமாற்றவில்லை. ஆனாலும் பீமன் என்ன செய்தான் தெரியுமா? அவர் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி அலமாரி மேல் உட்கார வைத்துவிட்டு, கயிற்றை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டான். மாடியே அதிர்ந்தது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது நான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். சீனியர் மட்டும் சிரிக்காமல் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்.

அடுத்த இரண்டு வாரத்தில் பீமன் செத்துப் போனான். அந்த ஊருக்கு வெளியே ஒரு பாலத்தில் அடிபட்டு விழுந்தான். விழுந்தவன் பிழைக்க மூன்று முறை பத்தோ அதற்கு மேலோ போட வேண்டும். அதற்குள் மூன்று முறை அதற்குக் கீழே விழுந்தால் கதை முடிந்தது. எனக்கு நாலு, ஏழு, ஒன்பது. அந்த ஒன்பதில் பகடையின் ஒட்டிய விளிம்பு லேசாகப் பிரிந்திருந்தது. மறுபடி போடலாம் என்று சண்டை போட்டுப் பார்த்தேன், எடுபடவில்லை.

"டிராகன்பார்ன் எடுத்துக்கறேண்ணே" என்றேன். அதுவும் ஆறடிக்கு மேல்.

"தாராளமா எடுத்துக்கோ. ஆனா அவன் வெளியூர்லேர்ந்து வரணும், அடுத்த வாரம்தான் ஆட முடியும். இன்னிக்கே ஆடணும்னா இந்த ஊர்ல இருக்கிற ஆள்தான்." நோட்டைப் புரட்டினார். "கயிற்றுக் கடைக்காரர் இருக்கார். நல்ல ஆள். மந்திரமும் கொஞ்சம் தெரியும்."

"வேணாம்ண்ணே... நோமா?"

"அவர் பேர் என்னன்னு கேட்டியா நீ?"

கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை. அதற்கு மேல் எனக்கு 'முடியாது' என்று சொல்ல வாய் வரவில்லை. வேண்டா வெறுப்பாகத்தான் உட்கார்ந்தேன். பேருக்கு 'கோலட்' என்று எழுதினேன். லேத்தில் சின்ன ஜாப்பை இறுக்கிப் பிடிக்கும் அதே கோலட்தான்.

எடுத்த பிறகுதான் நோமைப் பற்றித் தேடிப் படித்தேன். பதினாறாம் நூற்றாண்டில் பாராசெல்சஸ் என்ற சுவிஸ் வைத்தியர், மண்ணுக்குள் வாழும் குட்டி உயிர்களுக்கு இந்தப் பேரைக் கொடுத்தார். 1974இல் வந்த முதல் டஞ்சன்ஸ் பெட்டியில் நோம் ஆடுகிறவர்களுக்கான இனம் இல்லை. அரக்கர் பட்டியலில் இருந்தது. 1978 புத்தகத்தில்தான் மனுஷனாக மதித்து ஆட விட்டார்கள். முப்பது வருஷம் கழித்து, 2008இல் வந்த நான்காம் பதிப்பில், ஆடுபவர் கையேட்டிலிருந்து தூக்கி மறுபடி அரக்கர் புத்தகத்தில் போட்டார்கள்! அடுத்த வருஷமே இரண்டாம் கையேட்டில் திரும்பவும் சேர்த்துக்கொண்டார்கள். பாருங்கள், வேறு எந்தப் பழைய இனத்துக்கு இந்த ரேஷன் கார்டு அலைச்சல்? எல்ஃபுக்கும் ட்வார்ஃபுக்கும் டோல்கீன் நாவலும் சினிமாவும் துணை. நோமுக்கு என்ன இருக்கிறது? வெளிநாட்டுத் தோட்டங்களில் சிவப்புக் குல்லாய் போட்ட பொம்மை. 2017இல் ஒரு அமெரிக்கத் தளம், இணையத்தில் உருவாக்கப்பட்ட பாத்திரங்களைக் கணக்கெடுத்தபோது மனிதன் முதலிடம், எல்ஃப் இரண்டாமிடம். உலகம் பூரா நம் பேட்ச் மாதிரிதான் போலிருக்கிறது.

கணக்குப் பார்த்தால் நோம் மோசமில்லை. அறிவுக்கு 2 புள்ளி கூடுதல், இருட்டில் அறுபது அடி கண் தெரியும். நடைதான் மெதுவு. மனிதன் முப்பதடி போகும் நேரத்தில் இருபத்தைந்து. என் நடையே அப்படித்தான், பழக்கம்தான்.

அன்று இரவு பீமனுக்கு அடக்கம். ட்வார்ஃப் பூசாரியாக ஆடியவன் நிஜமாகவே உருகிப் பேசினான். எல்ஃப் ஒரு பாட்டுப் பாடியது (சகிக்கவில்லை). பிறகு பூசாரி என் பக்கம் திரும்பி, "கடைக்காரரே, பீமனைத் தெரியுமில்ல உங்களுக்கு? நீங்களும் ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்றான்.

தமாஷுக்காகத்தான் கேட்டான். நானும் தமாஷாக ஏதாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால் வேறு வந்தது.

"என்னைத் தூக்கி அலமாரி மேல வெச்சாருங்க. இறக்கி விடல. நீங்க எல்லாரும் சிரிச்சுக்கிட்டே போயிட்டீங்க. குதிச்சா கால் உடையும். கூப்பிட்டா தெருவுல போறவன் பார்த்துச் சிரிப்பான். அதனால கூப்பிடல. ராத்திரி ரோந்துக்காரன் வர்ற வரைக்கும் அங்கயே உக்காந்திருந்தேன். கயித்துக்குக் காசும் வரல."

ஒருவன் களுக்கென்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். கீழே மெஸ்ஸில் பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் கேட்டது. எனக்குக் காது சுட்டது. பேசுவது கோலட்டா நானா என்று எனக்கே குழப்பம். தூக்கி வைத்தவனும் நான்தானே? அதை யாரிடம் போய்ச் சொல்வது? கொஞ்ச நேரம் கழித்து மனித வீரனாக ஆடியவன், "ஒரு பொற்காசு கொடுக்கறேன். கயித்துக்கு" என்று தன் தாளில் ஒன்றைக் கழித்து எழுதினான். மெஸ்ஸில் இட்லி வசனம் பேசுகிறவன் அவன்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் கோலட் கூடவே வந்தான். பெரிய வீரதீரம் ஒன்றும் இல்லை, ஒரு தடவை தவிர. ஒரு மந்திரவாதி வண்ண வண்ண வெளிச்சத்தைக் காட்டி எல்லோரையும் மயக்கினான். மனிதன் போட்டது ஆறு, சிலையானான். ட்வார்ஃப் எட்டு, அவனும் சிலை. எல்ஃபுக்கு மயக்கத்தை எதிர்க்க இரண்டு முறை போடும் சலுகை உண்டு; மூன்றும் ஐந்தும் விழுந்து அதுவும் சிலை. மனதைத் தாக்கும் மந்திரம் எதுவானாலும் நோமுக்கும் அதே சலுகை. எனக்கு இரண்டு, அப்புறம் பதினேழு! நிற்பது நான் ஒருத்தன்தான். மந்திர அம்பு மூன்று விட்டேன். அது குறி தப்பாது. ஒவ்வொரு அடிக்கும் மந்திரவாதியின் கவனம் நிற்கிறதா என்று அண்ணன் பகடை போட வேண்டும். முதல் இரண்டில் தாக்குப்பிடித்தான், மூன்றாவதில் கலைந்தது. எல்லோரும் முழித்துக்கொண்டார்கள். "பலகை! பலகை!" என்று கத்தினார்கள். அன்றைக்கு அந்தப் பேர் காதில் வேறு மாதிரி விழுந்தது, உண்மை.

கதை முடியும்போது கோலட் ஊருக்குத் திரும்பிக் கடையைத் திறந்தான். பாறை நோமுக்கு ஒரு கைவேலை உண்டு. ஒரு மணி நேரமும் பத்துப் பொற்காசுக்குச் சாமானும் இருந்தால் சின்ன இயந்திரப் பொம்மை செய்யலாம். தானாக நடக்கும், சத்தம் போடும். 24 மணி நேரத்தில் நின்றுவிடும், நிற்காமல் ஓட வேண்டுமென்றால் இன்னொரு மணி நேரம் உட்கார்ந்து பராமரிக்க வேண்டும். நான் கோடரி வைத்த பீமன் பொம்மை ஒன்று செய்து அலமாரி மேல் வைப்பதாகச் சொன்னேன்.

"தினமும் ஏறிப் பராமரிக்கணுமே, எப்படி ஏறுவே?" என்றார் அண்ணன்.

"பலகை போட்டுப்பேண்ணே."

அன்று சிரித்த சிரிப்பில் வார்டனே மேலே வந்துவிட்டார்.

அண்ணன் டிப்ளமோ முடித்து லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் வருஷம் சேர்ந்துவிட்டார். பகடை என்னிடம்தான் இருக்கிறது, இரண்டு இடத்தில் செலோ டேப் போட்டு. போன மாதம் லேத் ஷாப்புக்கு வந்த இரண்டாம் ஆண்டுப் பையன் ஒருவன் மெஷின் முன்னால் எக்கி எக்கி நின்றான். பலகை மூன்றாவது லேத்துக்குப் பின்னால் சாத்தியிருக்கிறது என்று காட்டிக் கொடுத்தேன். கூடவே அவன் பேரையும் கேட்டுக்கொண்டேன்.

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்