காவலூரில் ஒரு ‘ஸ்டெடி’ பார்ட்டி!

வாணியம்பாடியில் இறங்கி, ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் காவலூர். மலைப் பாதையில் பஸ் குலுக்குகிற குலுக்கலில் காலையில் சாப்பிட்ட இட்லி தொண்டை வரைக்கும் வந்து எட்டிப் பார்க்கும். இப்படி ஆடிக்கிட்டே போய்ச் சேருகிற இடத்தில்தான், ஆடவே கூடாத ஒரு பிரம்மாண்டம் இருக்கிறது.

வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி! இதற்காக உழைத்த விஞ்ஞானி வைணு பாப்பு 1982-ல் காலமாகிவிட, 1986-ல் ராஜீவ் காந்தி திறந்துவைத்து, அவர் பெயரையே சூட்டினார்.

உள்ளே நுழைந்ததும், “என்னடா, குழாயையே காணோம்?” என்றான் நண்பன். நியாயமான கேள்வி. கண்ணாடி கீழே, குவியம் மேலே. நடுவில் முக்கோணம் முக்கோணமாக இரும்புக் கம்பிகள் மட்டும்தான்! “தடியான தகடு போட்டு மூடியிருந்தா இன்னும் ஸ்ட்ராங்கா இருக்குமே?”

அங்கேதான் விஷயமே இருக்கு மக்கா! கிடாரில் தடித்த கம்பி மெதுவாக அதிரும், மெல்லிய கம்பி வேகமாக அதிரும். சட்டத்துக்கும் அதே கதைதான். விறைப்பைக் கூட்டாமல் எடையை மட்டும் ஏற்றினால் அதன் இயல்பு அதிர்வெண் இறங்கிவிடும். காற்றும் மோட்டாரும் தருகிற மெதுவான அதிர்வுகளோடு அது கூட்டணி வைத்துக்கொண்டால்... ஆட்டம் க்ளோஸ்! அதனால் எடை குறையணும், விறைப்பு குறையக் கூடாது. அதற்கு முக்கோணத்தை விட்டால் வேறு ஆள் கிடையாது.

எவ்வளவு ஆடினால் ஆபத்து? குவியத்தூரம் சுமார் 7.6 மீட்டர். கணக்குப் போட்டால், படம் விழும் இடத்தில் 0.04 மில்லிமீட்டர் நகர்ந்தாலே ஒரு ஆர்க் செகண்ட் பிசகு. அதாவது, ஏறக்குறைய அரை முடி கனம்!

சரி, இரும்பு வளையாதா? வளையும். கலிஃபோர்னியாவின் பாலோமர் 200 அங்குலத் தொலைநோக்கிக்காக 1930-களில் மார்க் செரூரியர் என்ற இன்ஜினீயர் போட்ட ஐடியா செம கில்லாடித்தனம். ‘வளைவதைத் தடுக்காதே, இரண்டு முனையும் ஒரே அளவு இறங்கட்டும்’ என்றார். மேல்முனையும் கீழ்முனையும் இணையாகவே தாழ்ந்தால் பார்வை கோணாது. பிறகு வந்த பல பெரிய தொலைநோக்கிகளும் இதையே பிடித்துக்கொண்டன.

இன்னொரு தந்திரம், எடையை இறக்கிவைப்பது. காவலூரில் நட்சத்திர ஒளியைப் பிரித்துப் பார்க்கும் எஷெல் நிறமாலைமானி தொலைநோக்கியின் முதுகில் ஏறவில்லை. தனி அறையில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. 45 மீட்டர் ஃபைபர் வழியாக வெளிச்சம் அதைத் தேடிப் போகிறது!

ஒரு ஆராய்ச்சி மாணவருக்குக் கிடைப்பதே சில ராத்திரிகள். அதிலும் பாதியை மேகம் தின்றுவிடும். மிச்சமிருக்கும் ஒரு மணி நேரத்தில், பல நூறு வருஷம் பயணம் செய்து வந்த ஒளி அரை முடி அளவு ஆட்டத்தில் கலைந்துபோனால், அவருடைய ஆய்வேட்டில் ஒரு பக்கம் காலி.

டிரஸ் கணக்கைப் பார்த்து, ‘இது எங்கே உதவப் போகுது’ என்று கொட்டாவி விடும் கண்மணிகளே... ஒரு நடை காவலூர் போயிட்டு வாங்க!