கொட்டியாரக் குடா: சில ஆழக் குறிப்புகள்

பிரித்தானியக் கடற்படையின் பழைய கடல்வரைபடங்களில் சில எண்களின் தலைக்குமேல் ஒரு கோடும் அதன்மேல் ஒரு புள்ளியும் இருக்கும். 100 என்ற எண்ணுக்கு மேல் அப்படி இருந்தால், நூறு பாகம் கயிறு விட்டும் அடி தட்டவில்லை என்று பொருள். கடல்வரைபடத்தில் எனக்கு மிகவும் பிடித்த குறி இதுதான். அளந்தவன் ஊகித்து எதையும் எழுதவில்லை. கயிறு முடிந்த இடத்தைச் சொல்லிவிட்டு நகர்ந்திருக்கிறான்.

கொட்டியாரக் குடா அந்தக் குறிக்கென்றே அமைந்த கடல். மகாவலி வந்து கலக்கும் இந்தக் குடாவிலிருந்தே ஒரு கடலடிப் பள்ளத்தாக்கு புறப்பட்டு, வெளிக்கடலில் ஆயிரக்கணக்கான மீற்றர் ஆழத்துக்கு இறங்குகிறது. திருகோணமலையின் கோணேசர் மலையில் நின்று பார்க்கும்போது கரையோரப் பச்சையை ஒட்டியே நீர் கருநீலமாகிவிடுவதும், திமிங்கிலங்கள் கரைக்கு அவ்வளவு கிட்ட வருவதும் இதனால்தான்.

*

ஆழம் பார்த்த விதம். ஈயக்குண்டின் அடியில் ஒரு குழி. அதில் மிருகக் கொழுப்பை அப்பிக் கயிற்றோடு இறக்குவார்கள். குண்டு அடியைத் தொட்டதும் கயிற்றிலுள்ள அடையாளத்தைப் பார்த்து எத்தனை பாகம் என்று உரத்துச் சொல்வார்கள். மேலே இழுத்தால் கொழுப்பில் மணலோ சேறோ சிப்பித்தூளோ ஒட்டியிருக்கும். ஒன்றும் ஒட்டாமல் வடு மட்டும் பட்டிருந்தால் கீழே பாறை. படத்தில் எண்ணுக்குப் பக்கத்தில் நிற்கும் குட்டி எழுத்துகள் இந்தக் கொழுப்பு சொன்ன செய்திதான். சேறென்றால் நங்கூரம் பிடிக்கும், பாறையென்றால் நழுவும்.

எந்த இடத்தில் அளந்தோம் என்பதும் தெரியவேண்டுமே. கரையில் மூன்று அடையாளங்கள்: ஒரு கொடிமரம், ஒரு முனை, ஒரு குன்று. அவற்றுக்கு இடையிலுள்ள இரண்டு கோணங்களை செக்ஸ்ரன்றால் எடுத்தால் படகு நிற்கும் புள்ளி கிடைத்துவிடும். கரைவலைக்காரரும் தூண்டில்காரரும் கருவி இல்லாமல் செய்வது இதே கணக்குத்தான். இந்தப் பனை அந்த மலைக்கு நேரே வரவேண்டும், அந்தக் கோபுரம் இந்த முனையை விட்டு விலகவேண்டும். அப்போது வள்ளத்துக்கு நேர்கீழே பார், அதாவது மீன் கூடும் கடலடிப் பாறைத்திட்டு, இருக்கும்.

*

பிரித்தானியர் மட்டுமல்ல, ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் இந்தக் குடாவை அளந்ததற்குக் காரணம் சோழமண்டலக் கரையில் இருக்கிறது. சென்னையிலும் புதுச்சேரியிலும் அன்று துறைமுகம் கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நின்றன. ஐப்பசியில் வாடை கிளம்பினால் அங்கே நிற்பது தற்கொலை. புயலுக்கு ஒதுங்க, உடைந்த பாய்மரத்தை மாற்ற, எந்தப் பருவத்திலும் அமைதியான உட்துறை வங்கக் கடலின் மேற்குக் கரையில் திருகோணமலைதான். ஆங்கில மாலுமி ரொபர்ட் நொக்ஸ் தந்தையோடு வந்த 'ஆன்' கப்பலும் புயலில் பாய்மரம் இழந்துதான் கொட்டியாரத்தில் ஒதுங்கியது. 1660இல் பிடிபட்டவர் கண்டி இராச்சியத்திலிருந்து தப்ப 19 ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

ஒல்லாந்தக் கம்பனி தன் ஆசியக் கடல்வரைபடங்களை நெடுங்காலம் அச்சிடாமல் கையெழுத்துப் பிரதிகளாகவே காத்தது. வான் கூலன் பதிப்பகத்தார் 1753இல் வெளியிட்ட தொகுதியில்தான் அவை அச்சேறின. பிரெஞ்சுக்காரர் அதற்கு முன்பே, 1745இல், டாப்ரே த மன்வியெத்தின் 'நெப்டியூன் ஓரியந்தால்' தொகுப்பை வெளியிட்டிருந்தார்கள். 1775இல் அது விரிந்த பதிப்பாக வந்தது.

படம் இருந்தும் தப்பாத கப்பல்கள் உண்டு. 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் திருகோணமலையை ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தார்கள். ஓகஸ்ட் முடிவில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் அவர்களிடமிருந்து பறித்தார். செப்டெம்பர் 3 அன்று வெளிக்கடலில் பெரும் போர். பீரங்கிகளுக்குத் தப்பிய 74 பீரங்கிப் பிரெஞ்சுக் கப்பல் 'ஓரியான்', திரும்பித் துறைக்குள் வரும்போது தரைதட்டி அழிந்தது. அதன் பாய்மரங்களைக் கழற்றி, போரில் மரம் இழந்த மற்றக் கப்பல்களுக்கு நட்டார்கள்.

*

அடி மாறிக்கொண்டே இருக்கிறது. 1942 ஏப்ரல் 9 ஜப்பானிய விமானத் தாக்குதலில் தீப்பற்றிய 'சகாயிங்' கப்பலை அடுத்த ஆண்டு துறைமுகத்துக்குள்ளேயே தாழ்த்தி, இறங்குதுறையாகப் பயன்படுத்தினார்கள். 75 ஆண்டு அது படத்தில் ஒரு குறியாகக் கிடந்தது. 2018 மார்ச்சில் இலங்கைக் கடற்படைச் சுழியோடிகள் அதை மிதக்கவைத்து அகற்றினார்கள். 1944 ஓகஸ்ட் 8 அன்று 'வலியன்ற்' போர்க்கப்பலைத் தூக்கிநின்றபோதே உடைந்து மூழ்கிய மிதக்கும் கப்பல்தளமோ இன்னும் அடியில்தான் கிடக்கிறது.

இப்படி ஒன்று மூழ்கினாலும் எடுக்கப்பட்டாலும் கடலோடிகளுக்கான வாராந்த அறிவித்தலில் செய்தி வரும். காகிதப் படம் வைத்திருக்கும் கப்பலில் ஓர் அதிகாரி அதைப் பார்த்து ஊதா மையால் தன் கையாலேயே திருத்துவார். படத்தின் ஓரத்தில் திருத்தத்தின் இலக்கத்தையும் ஆண்டையும் எழுதுவார். நன்றாகப் பேணப்பட்ட ஒரு படத்தின் அடிவிளிம்பு அந்தச் சிற்றெண்களால் நிறைந்திருக்கும்.

*

கோணேசர் மலையடியில் 1956இல் சுழியோடிய மைக் வில்சனும் ஆர்தர் சி. கிளார்க்கும் செதுக்கிய தூண்களைக் கண்டார்கள்; போர்த்துக்கேயர் 1620களில் இடித்துத் தள்ளிய கோயிலின் கற்கள். எந்தக் கப்பலுக்கும் தடங்கல் இல்லாத கற்கள் அவை. கப்பலுக்கு எது ஆபத்தோ, எது அடைக்கலமோ அதைத்தான் கடல்வரைபடம் தேடும். ஆகவே உட்துறையில் எண்கள் அடர்ந்தும், கரைவலை இழுக்கும் ஓரங்களில் ஐதாகவும் இருப்பதில் வியப்பில்லை.

அந்த ஐதான ஓரங்களில்தான் என் அக்கறை. 2006இல் குடாக்கரையிலுள்ள சம்பூர் மக்கள் போரால் இடம்பெயர்ந்தார்கள். 2015இலிருந்துதான் காணிகள் திரும்பக் கிடைக்கத் தொடங்கின. நேர்பார்த்த பனை அதற்குள் விழுந்திருந்தால் அதற்கென்று அறிவித்தல் வராது. மூதூர், சம்பூர், கிண்ணியாப் பெரியவர்களிடம் உட்கார்ந்து, ஒவ்வொரு பாரின் பெயர், எத்தனை பாகம், அடியில் மணலா கல்லா, வாடையில் என்ன மீன், கச்சானில் என்ன மீன், கரையில் எதற்கு எது நேர் என்று எழுதவேண்டும். ஆழமானியும் ஜி.பி.எஸ். கருவியும் அந்தப் புள்ளிகளைக் காட்டும். பெயரையும் பருவத்தையும் அவர்கள்தான் சொல்லவேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளே ஒரு கொப்பியில் தொடங்கிவிடலாம்.