தாதி கேட்ட கேள்வி

கடந்த ஆண்டு என் தந்தையாரை வயிற்று ஸ்கான் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். உறுப்புகளைத் தெளிவாகக் காட்டுவதற்காக அயடீன் கலந்த மருந்தொன்றை நாளத்தினூடாக ஏற்றுவதற்கு ஆயத்தம் செய்தனர்.

“முந்தி இப்பிடி ஊசி போட்டு ஏதும் ஒத்துக்கொள்ளாமல் வந்ததோ, ஐயா?” என்று தாதி வினவினார்.

“ஒண்டுமில்லைப் பிள்ளை” என்றார் தந்தையார்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் அத்தகைய ஊசியின் பின் அவருடைய உடல் தடித்து மூச்சு முட்டியதை நான் மறக்கவில்லை. குறுக்கிட்டுச் சொன்னேன். வைத்தியர் அதனைக் குறித்துக்கொண்டு, மருந்து ஏற்றாமலே படமெடுக்கும்படி பணித்தார்.

அதன் பின்னரே இம்மருந்துகளின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். 1930களில் பரவிய ‘தோரோட்றாஸ்ற்’ என்ற மருந்து தோரியம் ஈரொட்சைட்டைக் கொண்டது. உடனடி உபாதை குறைவாக இருந்தமையால் அது சிறந்ததெனக் கருதப்பட்டது. ஆயின் அது ஈரலிலும் மண்ணீரலிலும் தங்கி ஆயுள் முழுவதும் கதிர் வீசிற்று. பல்லாண்டுகள் கழிந்தபின் பலருக்கு ஈரற் புற்றுநோயைத் தந்தது.

அயடீன் மருந்துகளோ பெரும்பாலும் சிறுநீருடன் வெளியேறிவிடுவன. எனினும் பழைய அயன் வகைக் கரைசல்களின் பிரசாரண அமுக்கம் குருதியினதைவிடப் பல மடங்கு கூடியது. சுவீடன் நாட்டு வைத்தியர் தோர்ஸ்ரன் அல்மேன் 1960களில் முன்வைத்த கருத்திலிருந்து அயனல்லாத மருந்துகள் உருவாயின. இவ்விரு வகைகளையும் ஒப்பிட்ட யப்பானிய ஆய்வொன்று 1990இல் வெளிவந்தது. மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட பரிசோதனைகளை அது ஆராய்ந்தது. பழைய வகையில் நூற்றுக்கு ஏறத்தாழ 13 பேருக்கும், புதிய வகையில் 3 பேருக்கும் பக்கவிளைவுகள் காணப்பட்டன. கடுமையான விளைவுகள் முறையே 0.22, 0.04 சதவீதமாக இருந்தன.

இத்தகைய எண்கள் எத்தனையோ உயிர்களைக் காத்தவை. இலட்சம் பேருக்கு எம்மருந்து மேலானது என்பதை அவை கூறும். ஆனால், முன்னர் ஒருமுறை ஒவ்வாமை கண்டவருக்கு எம்மருந்திலும் ஆபத்துக் கூடுதல். மேசையிற் படுத்திருப்பவர் அத்தகையவரா என்பதை எந்த ஆய்வும் கூறாது, அவரேதான் கூறவேண்டும்.

பேருந்தில் நெடுநேரம் மௌனமாயிருந்த தந்தையார், “அவைக்கு ஏன் கரைச்சல் குடுப்பான் எண்டுதான் சொல்லேல்லை” என்றார்.

எம்மவரிற் பலர் இவ்வாறே பிறருக்குத் தொல்லையாகலாகாதென்று தம் நோயை ஒளிப்பவர்கள். அறுபது ஆண்டுகால ஆராய்ச்சி நமக்கு நல்ல மருந்தைத் தந்திருக்கலாம். தாதியின் அச்சிறு கேள்விக்கு நாம் பொய் விடை பகர்ந்தால், அந்த ஆராய்ச்சி நம்மைக் காக்கமாட்டாது.