சித்திரையில் நடக்க வேண்டிய பயிற்சி

உடன்குடி பனங்கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதனால் காய்ச்சுகிறவர்களுக்கு என்ன மாறியது என்று கேட்டபோது, திருச்செந்தூர்க்கார நண்பர் பதில் சொல்லவில்லை. தேரி மணல் ஓரத்தில் இருந்த ஒரு பனைவிளைக்கு அழைத்துப் போனார். அங்கே ஓலைக் குடிலுக்குள் ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். கணவர் பனையேறி. பாளை சீவ ஒவ்வொரு மரத்திலும் காலையும் மாலையும் ஏறி இறங்குகிறார். இறக்கிய பதநீர் குடிலுக்கு வந்தபின் எல்லாம் அந்த அம்மாவின் பொறுப்பு.

முதலில் பதநீரைத் துணியில் வடிகட்டினார். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவித்தான் பாளையில் கட்டுவார்கள். தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். சுண்ணாம்பு பற்றாமல் லேசாகப் புளித்தாலும் போதும், எவ்வளவு காய்ச்சினாலும் பாகாகவே நிற்கும், கருப்பட்டியாக இறுகாது. அளவு கூடினால் நிறமும் சுவையும் கெடும். ஒரு சொட்டை நாக்கில் வைத்துவிட்டு, “மேக்குப் பனையில சுண்ணாம்பு பத்தல, நாளைக்குப் பாத்துக்கிடுங்க” என்று கணவரிடம் சொன்னார்.

பத்து லிட்டர் பதநீர் வற்றினால் ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகக் கருப்பட்டி கிடைக்கும். அதற்கு மணிக்கணக்கில் தீ வேண்டும். நுரை பொங்கிச் சட்டியின் விளிம்புக்கு வந்ததும் தட்டிய ஆமணக்கு விதையைக் கொஞ்சம் போட்டார், நுரை அடங்கியது. பாகு கெட்டியாகும்போது விறகை வெளியே இழுத்தார். குளிர்ந்த தண்ணீரில் ஒரு துளி விட்டு விரலால் உருட்டினார். உருண்டது. சட்டி இறங்கியது. துடுப்பால் கிண்டிக் கிண்டி, பாகு மணல் கட்டும் நேரத்தில் சிரட்டைகளில் ஊற்றினார். சற்று முன்பின் ஆனால் அன்றைய உழைப்பு வீண்.

இந்த வீட்டு மருமகள் ஒரு பயிற்சிக்குப் போய் வந்தவர். சுத்தம், உறை, லேபிள், உணவுப் பாதுகாப்புப் பதிவு எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு வெப்பமானியும் கொடுத்தார்கள். மாமியாருக்கு அது பிடிபடவில்லை. “ஆவிக்குள்ள எழுத்து தெரியமாட்டேங்கு. தண்ணிப் பதம் பொய் சொல்லாது” என்றார். மருமகள் வேறொரு வழி கண்டுபிடித்திருக்கிறார். “அத்தை பதம்னு சொல்லும்போது நான் சூட்ட எழுதி வச்சுக்கிடுதேன்” என்று ஒரு நோட்டைக் காட்டினார். தேதி, பதநீரின் அளவு, சுண்ணாம்பு சரியா இல்லையா, இறக்கியபோது வெப்பம். பெரும்பாலான நாள்களில் 110 டிகிரிக்கு மேல். கைப்பக்குவத்தை அடுத்த தலைமுறை கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடப்புத்தகம் வேண்டியதில்லை.

ஆனால் அந்தப் பயிற்சி நடந்த மாதம் ஐப்பசி. பங்குனி முதல் ஆடி வரைதான் இந்தப் பக்கம் பதநீர். ஐப்பசியில் பாளையும் இல்லை, அடுப்பும் இல்லை. நீச்சலை வகுப்பறையில் கற்பிப்பதைப் போன்ற வேலை இது. காய்ச்சுகிறவர்களில் பலர் அந்த நேரம் கூலி வேலைக்கு வெளியூர் போயிருப்பார்கள். யாருக்காக வகுப்பு?

திட்டங்களுக்குக் குறைவில்லை. 2020இல் மத்திய அரசு தொடங்கிய குறு உணவுப் பதப்படுத்தும் தொழில்களுக்கான திட்டத்தில் 35 சதவீத மானியம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய்; சுய உதவிக் குழு உறுப்பினருக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க மூலதனம்; பயிற்சியும் உண்டு. மானியத்துக்கு முன் வங்கிக் கடன் வர வேண்டும். மரம் குத்தகை, விளை குத்தகை, அடுப்போ மண் அடுப்பு. இந்த அம்மா எதைக் காட்டிக் கடன் கேட்பார்?

அதனால் வியாபாரியின் முன்பணமே கதி. பருவம் தொடங்குமுன் பணம் கைக்கு வருகிறது. விலையும் அப்போதே முடிவாகிவிடுகிறது. வெயிலில் பனை ஏறுகிறவருக்கும் புகையில் வேகிறவருக்கும் அந்த விலையில் பேச்சில்லை. இன்னும் கொடுமை சீனிக் கலப்படம். கருப்பட்டி விலையில் சிறு பங்குதான் சீனி விலை. சீனி கலந்த சரக்கைப் பக்கத்தில் மலிவாக அடுக்கி வைத்துவிட்டு, சுத்தமாகக் காய்ச்சியவரிடம் “உன் சரக்கு விலை கூடுதல்” என்கிறார்கள். உழைப்பைத் திருடுவது போதாதென்று பெயரையும் திருடுகிறார்கள். கலப்படக்காரர் கையில் சிக்கினால் புவிசார் குறியீடும் வெறும் ஒட்டுச்சீட்டுதான்.

சூழல் காக்கும் தொழில் என்று மேடையில் பேசுவதெல்லாம் இந்தக் குடிலில் ஏற்கெனவே இருக்கிறது. காய்ந்த மட்டையும் ஓலையும் விறகு, சிரட்டை அச்சு, பனையோலைப் பெட்டி உறை. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழகத்தில் தடை வந்தபோது ஓலைப்பெட்டி முடைகிறவர்களை இந்தத் தொழிலோடு இணைத்திருக்க வேண்டும். இல்லாதது புகைபோக்கி வைத்த, விறகு மிச்சப்படுத்தும் அடுப்பு. அந்த அம்மாவின் கண்கள் சிவந்து நீர் வடிந்தபடியே இருந்தன. மழைக்காலத்தில் கருப்பட்டி ஈரம் இழுத்துக் கசியும். புகைப் பரணில் ஏற்றி வைத்துச் சமாளிக்கிறார்கள். உலர்த்திப் பொடியாக்கக் கற்றால் ஐப்பசியிலும் நல்ல விலைக்கு விற்கலாம். புதுமை தேவைப்படும் இடங்கள் இவைதான்.

கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி இதே மாவட்டத்தில் இருக்கிறது. பனை ஆராய்ச்சி அங்கே நடக்கிறது. அடுத்த சித்திரையில் பயிற்சியை விளைக்குக் கொண்டுவாருங்கள். அடுப்பும் உலர்த்தியும் உங்கள் பாடமாகட்டும்; பதம் பற்றிய பாடத்தை இந்த அம்மா நடத்தட்டும், மற்ற பயிற்றுநர்களுக்குக் கொடுக்கும் அதே ஊதியத்தோடு. முன்பணத்தைக் கூட்டுறவுச் சங்கம் கொடுக்கட்டும். அதுவரை கருப்பட்டி வாங்குகிறவர்கள் விலையை மட்டும் கேட்காமல், எந்த விளையில் யார் காய்ச்சியது என்றும் கடைக்காரரிடம் கேளுங்கள்.