தேருக்கு எடுத்த துணி

வைகாசி பிறந்தால் வில்லியனூரில் இரண்டு வேலைகள் ஒன்றாகத் தொடங்கும். திருக்காமீசுவரர் கோயில் தேருக்கு மூங்கில் கட்டிச் சீலை சுற்றித் தொம்பை தொங்கவிடுவார்கள். வீடுகளில் பிள்ளைகளுக்குத் துணி எடுப்பார்கள். தேர் அலங்காரமும் எங்கள் அலங்காரமும் ஒரே வாரத்தில் நடக்கும்.

தீபாவளித் துணி வேறு வகை. ஐப்பசி மழையில் உடுத்துவதால் கொஞ்சம் கனமாக, கொஞ்சம் பளபளப்பாக இருந்தாலும் உடம்பு பொறுத்துக்கொள்ளும். தேருக்கு எடுப்பது அப்படியில்லை. கத்திரி முடிந்தும் முடியாததுமான நாளில், தார் இளகும் வீதியில், விடியலிலிருந்து தேர் நிலைக்கு வரும்வரை நிற்க வேண்டும். கூட்டத்தில் நசுங்க வேண்டும், பானகம் சிந்திக்கொள்ள வேண்டும், அத்தனைக்கும் பிறகு ஊர் கண்ணுக்கு அழகாகவும் இருக்க வேண்டும். வெயிலுக்கும் விசேஷத்துக்கும் சேர்த்து ஒரே உடுப்பைத் தேர்ந்தெடுப்பதற்குத் தனியறிவு வேண்டும். எங்கள் குடும்பத்தில் அந்த அறிவு ஆயாவிடம் இருந்தது.

நாங்கள் பாகூர்ப் பக்கம். முழுப் பரீட்சை முடிந்த மறுநாளே அம்மா எங்களை வில்லியனூர் ஆயா வீட்டில் கொண்டுவந்து விட்டுவிடுவாள். பாகூர் ஏரி அப்போது அடிமண் தெரிய வற்றிக் கிடக்கும். நவரை நெல் அறுத்துக் களத்துக்கு வந்திருக்கும். கூலி, கடன், விதைநெல் எல்லாம் போக மிஞ்சிய பணத்தை அப்பா எண்ணி அம்மா கையில் கொடுப்பார். தேர்த் துணி அந்தப் பணத்தில் வந்ததுதான். நெல் ஏமாற்றிய வருஷம் பெரியவர்களுக்குப் புதுசு கிடையாது. பிள்ளைகளுக்கு மட்டும் எப்படியோ வந்துவிடும்.

புதுச்சேரியிலிருந்து வில்லியனூருக்கு ரயிலில் போக நாங்கள் அடம்பிடிப்போம். விழுப்புரத்துக்குப் போகும் அந்தப் பாதை 1879இல் போடப்பட்டது. கரி எஞ்சின் காலம். ஜன்னலோரம் உட்கார்ந்தால் கண்ணிலும் சட்டையிலும் கரித்தூள். வெள்ளைத் துணி போட்டுக்கொண்டு ரயில் ஏறக் கூடாது என்று அம்மா பழுப்புச் சீட்டியில் தைத்த பாவாடையைத்தான் போட்டுவிடுவாள். பயணத்துக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, தேருக்கு ஒன்று என்று அந்தச் சின்னத் துணிமூட்டைக்குள் ஒரு கணக்கு இருந்தது.

துணி எடுக்கப் புதுச்சேரி நேரு வீதிக்குத்தான் போவோம். கடைக்காரர் பாயை விரித்து உட்காரச் சொல்லி, கட்டுக்கட்டாக எங்கள் முன்னால் உருட்டிவிடுவார். நாங்கள் நிறத்தில் மயங்கிக் கிடப்போம். ஆயா நிறத்தைக் கடைசியில்தான் பார்ப்பாள். முதலில் துணியின் ஒரு முனையை உள்ளங்கையில் வைத்து இறுக்கிக் கசக்குவாள். கை பிரித்ததும் சுருக்கம் விழுந்து அப்படியே நின்றால் பருத்தி; ஒன்றும் நடக்காததுபோல நிமிர்ந்துகொண்டால் கலப்பு. பிறகு வாசல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து இழை நெருக்கமாக இருக்கிறதா என்று பார்ப்பாள். கடைசியாக விரலை நாக்கில் தொட்டு ஓரத்தை ஈரமாக்கி, தன் வெளுத்த முந்தானையில் தேய்ப்பாள்.

“சாயம் போவுமா தம்பி?”

“போவாது ஆயா. நம்பி எடுத்துட்டுப் போங்க.”

“போச்சின்னா துணியோட வருவேன், பார்த்துக்க.”

ஒவ்வொரு துணிக்கும் அவளிடம் ஓர் இடம் இருந்தது. கைக்குழந்தைக்கு மல் துணி. எத்தனை துவைத்தாலும் மேலும் மேலும் மெதுவாகும். ஓடியாடும் பிள்ளைகளுக்குப் பாப்ளின். கிழியாது, கஞ்சி நன்றாக ஏறும். தாவணி போட்ட அக்காமார்களுக்கு வாயில். காற்று உள்ளே புகுந்து வெளியே வரும். ரவிக்கைக்கு ரூபியா. தனக்கு மதுரைச் சுங்குடி. பூப்போட்ட சீட்டியில் ஒரு பெரிய துண்டாக வாங்கினால் கடைக்காரர் விலை குறைப்பார் என்பதால் அக்காள் தங்கைகள் எல்லாருக்கும் ஒரே பூவில் பாவாடை அமையும். கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்தால் தேடவும் அது வசதி என்று ஆயா சொல்வாள்.

மாமா முதலியார்பேட்டை ரோடியர் மில்லில் வேலை பார்த்தார். 1898இல் தொடங்கிய மில் அது; பின்னால் ஏ.எஃப்.டி. என்று பெயர் சொன்னார்கள். வில்லியனூர், பாகூர் கிராமங்களிலிருந்து ஷிப்ட் நேரத்துக்கு வரிசையாகச் சைக்கிள்கள் போகும். அவர் கொண்டுவரும் வெட்டுத் துண்டுகள் எங்கள் வீட்டில் பாடி பாவாடையாகவும் தலையணை உறையாகவும் மாறும். எங்கள் உடம்பில் இருப்பது எங்கள் ஊர்க்காரர்கள் நெய்தது என்பதை அப்போது பெரிதாக நினைத்ததில்லை. சோறு நம் வயலிலிருந்து வருவதைப்போல அது இயல்பாக இருந்தது.

மாமா சாயங்காலத்தில் எங்களைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனார் என்றால், அந்தச் சாயங்காலமே விலைகொடுத்து வாங்கியது. 1936 ஜூலை 30 அன்று, வேலை நேரத்துக்காகவும் சங்கத்துக்காகவும் போராடிய மில் தொழிலாளர்கள்மீது பிரெஞ்சுப் படை சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். அடுத்த வருஷம் எட்டு மணி நேர வேலை சட்டமானது. அதற்கு முந்தைய தலைமுறையில் மில்லுக்குப் போன அப்பன்மார்களைப் பிள்ளைகள் விளக்கு வைத்த பிறகுதான் பார்த்தார்கள் என்று தாத்தா சொல்வார். பிள்ளைக்குத் துணி பார்த்து எடுக்க ஒரு தகப்பனுக்குப் பணம் மட்டும் போதாது, பொழுதும் வேண்டும்.

இன்னும் பழைய கதை ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரிப் பக்கம் நெய்து, அவுரியில் தோய்த்துக் கருநீலமாக்கிய பருத்தித் துணியைக் கினித் துணி என்று சொல்லிக் கப்பலேற்றினார்கள். அது பிரான்சு வழியாக ஆப்பிரிக்காவின் செனகல் ஆற்றங்கரைக்குப் போனது. அங்கே கருவேலம் பிசினுக்கு மாற்றாக அதை அளந்து கொடுத்தார்கள். கிட்டத்தட்டப் பணமாகவே அது புழங்கியது. பாலைவனத்து மனிதர்கள் அதைத் தலையிலும் தோளிலும் சுற்றிக்கொண்டு மணல் வெயிலில் நடந்தார்கள். வெயிலுக்கான துணி என்றால் எங்கள் மண்ணுக்கு அத்தனை அனுபவம். ஆயா வெயில் நாளில் மெல்லிய நீலச் சீலைக்கே கை நீட்டியதில் ஏதோ தலைமுறை நினைவு இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

துணி வந்த அன்றே தையற்காரர் திண்ணைக்குப் போய்விட வேண்டும். தாமதித்தால் தேர் முடிந்துதான் கிடைக்கும். அவர் காதில் பென்சிலும் கழுத்தில் டேப்புமாக அளவெடுக்க, ஆயா பக்கத்தில் நின்று ஆணையிடுவாள்: “வளர்ற புள்ள. இடுப்புல ரெண்டு விரல் கூட்டி வையி. கீழ மூணு மடிப்பு உள்ள விட்டுத் தையி.” பாவாடையின் கீழ்ப்பகுதியில் அந்த மடிப்புகள் கோடுகோடாக அழகுக்கு வைத்ததுபோல இருக்கும். அடுத்த வைகாசிக்கு ஒரு மடிப்பைப் பிரித்தால் பாவாடை மறுபடி கணுக்காலுக்கு இறங்கும். பிரித்த இடத்தில் மட்டும் சாயம் போகாத பழைய நிறம் ஒரு பட்டையாகத் தெரியும். என் வயதுப் பெண்கள் எத்தனை வருஷப் பாவாடை என்பதை அந்தப் பட்டைகளை எண்ணியே சொல்லிவிடுவோம். அதில் யாருக்கும் கூச்சம் இருந்ததில்லை. தேருக்கு முந்தின ராத்திரி வரை மெஷின் சத்தம் ஓயாது. காஜா போடும் பையன் அரிக்கேன் விளக்கருகே குனிந்திருக்க, நாங்கள் திண்ணைப் படியில் தூக்கத்தோடு காத்திருப்போம்.

வில்லியனூருக்குத் தேர் ஒன்று மட்டுமா? 1877இல் எழும்பிய லூர்து மாதா கோயிலுக்கு ஈஸ்டரை அடுத்துத் திருவிழா வரும். எதிர்வீட்டுப் பிள்ளைகளுக்கு அதற்கு வெள்ளை உடுப்பு. புதுநன்மை எடுக்கும் பெண்பிள்ளை என்றால் தலையில் மெல்லிய முக்காடும் பூவளையமும். அவர்கள் அம்மா அந்த வெள்ளையை நீலம் முக்கி, கஞ்சி போட்டு, நிழலில் உலர்த்துவதை நாங்கள் வேலியோரம் நின்று பார்ப்போம். அவர்கள் எங்கள் தேருக்கு வரும்போது அதே வெள்ளைப் பாவாடையில் கலர் ரிப்பன் சேர்த்துக்கொள்வார்கள். ஒரே உடுப்பு, சின்ன மாற்றம், இரண்டு திருநாளும் நிறைந்துவிடும்.

அணிகலன்கள் தேர்க்கடைகளில் வரும். வளையல்காரர் எங்கள் கையைப் பிடித்து விரல்களைச் சேர்த்து நசுக்கி, ஒரு சுழற்றில் கண்ணாடி வளையலை ஏற்றிவிடுவார். வலி தெரிவதற்குள் அடுத்தது ஏறியிருக்கும். அக்காவுக்குச் சிதம்பரம் கவரிங் ஜிமிக்கி, குஞ்சலம், சவுரி. எங்களுக்குப் பாசிமணி, சாந்துப்பொட்டு, உலகத்தைச் சிவப்பாகக் காட்டும் பிளாஸ்டிக் கூலிங் கிளாஸ். முந்தின நாள் அரைத்து வைத்த மருதாணி கையில் பற்றியிருக்கும். உடம்புச் சூட்டுக்கு நல்லது என்று பாதத்துக்கும் வைப்பாள் ஆயா. தலையில் கனகாம்பரமும் மல்லியும் சேர்த்துக் கட்டிய சரம். கையில் பனையோலை விசிறி. அதன் ஓரத்துக்குத் தையற்காரர் எங்கள் பாவாடைத் துண்டிலேயே கரை தைத்துக் கொடுத்திருப்பார். உடையும் விசிறியும் ஒரே பூவில் பொருந்தி நிற்க, அன்றைக்கு எங்களைவிட அழகானவர்கள் ஊரில் இல்லை என்று முழுமையாக நம்பினோம்.

ஆளுநர் வந்து வடம் பிடிப்பது பிரெஞ்சுக்காரர்கள் காலத்திலிருந்து வரும் வழக்கம். அவர் சட்டை கசங்காத வெள்ளை. அவருக்குப் பின்னால் வேட்டியை மடித்துக் கட்டிய ஆண்கள், வெறுங்கால். அவர்கள் கால் சுடாமல் இருக்க வீட்டு வாசல்களிலிருந்து குடம்குடமாகத் தண்ணீர் வீதியில் கொட்டுவார்கள். எங்கள் பாவாடை நனையும். பருத்தி நனைந்தால் குளிர்ச்சி, காய்ந்தால் மறுபடி பழையபடி.

பிரான்சுக்காரர் வீட்டு அக்காவுக்கு ஒரு வருஷம் அந்தக் குளிர்ச்சி வாய்க்கவில்லை. 1962இல் பிரான்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் எங்கள் பக்கமும் உண்டு. பட்டாளத்தில் இருந்தவர்கள் அங்கே கோடை விடுமுறை விட்டதும் ஆடி மாதத்தில் வந்து இறங்குவார்கள். வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேர்வரை இருப்பார்கள். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, சென்ட், அரைக்கால் சட்டை என்று அவர்கள் விடுமுறைக்கே ஒரு தனி அலங்காரம். அவர்கள் கொடுத்த நைலான் துணியை அந்த அக்கா வருஷம் முழுக்கப் பெட்டியில் பூட்டி வைத்து, வைகாசித் தேருக்குத் தாவணியாக உடுத்திவந்தாள். விளக்கில் பட்டு மின்னும் அந்த ரோஜா நிறம் இன்றும் கண்ணில் நிற்கிறது. நடுப்பகலுக்குள் கழுத்தெல்லாம் வேர்க்குரு பூத்துவிட்டது. ஆயா அவளை உள்ளே கூட்டிப்போய், நுங்குத் தண்ணீர் தடவி, தன் பழைய சுங்குடியைச் சுற்றிவிட்டாள். “பார்க்கறதுக்கு ராசாத்தி மாதிரிதான் இருந்த கண்ணு. ஒடம்பு தாங்க வேணாமா?” என்றதில் கண்டிப்பு ஒரு துளியும் இல்லை.

ஆயாவின் கைக்குத் தெரிந்திருந்ததைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். பருத்தி தன் எடையில் ஏறக்குறைய 8 சதவீத ஈரத்தைக் காற்றிலிருந்தே வாங்கி வைத்துக்கொள்ளும். நைலான் அதில் பாதி. பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட ஏற்காது. வியர்வை துணிக்குப் போகாமல் தோலிலேயே தங்கும். கடல் பக்கத்தில் இருப்பதால் காற்றிலேயே ஈரம் நிறைந்த எங்கள் ஊரில் இந்த வேறுபாடு உயிரோடு விளையாடும்.

ஆயா போய்விட்டாள். அந்தத் தையல் திண்ணையில் இப்போது கைப்பேசிக் கடை. ரோடியர் மில் 2011 டிசம்பரில் வந்த தானே புயலில் அடிபட்டு, பிறகு எழவே முடியாமல், 2020இல் மூடப்பட்டது. புதுச்சேரியின் சுதேசி மில்லும் பாரதி மில்லும் அதோடு போயின. ஷிப்டுக்குப் போன அந்தச் சைக்கிள் வரிசையை வர்ணித்தால் என் பேத்திகள் கதைபோலக் கேட்கிறார்கள்.

தேர் நிற்கவில்லை. வைகாசியில் துணைநிலை ஆளுநரும் முதல்வரும் வந்து வடம் பிடிக்கிறார்கள். ஆனால் அந்த வெயிலில் பெண்குழந்தைகள் ஜிகினா தைத்த பாலியெஸ்டர் கவுனிலும், கழுத்தைக் கீறும் வலைத்துணிப் பாவாடையிலும் அழுதுகொண்டு நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை. புதுச்சேரிக் கடற்கரையோரம், வெளியூரிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் தளர்ந்த பருத்திச் சட்டையும் ஓலைத்தொப்பியும் அணிந்து அழகாக நடக்கிறார்கள். அதற்குப் பெரிய விலை கொடுக்கிறார்கள். வெயில் கால அழகு என்று உலகம் இன்று கொண்டாடுவது எங்கள் கிராமங்களில் ஏழை எளியவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் கிடைத்த ஒன்று.

முழுவதும் போய்விட்டது என்றும் சொல்ல மாட்டேன். வில்லியனூர்ச் சுடுமண் வேலை புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. அந்த ஊர்க் கலைஞர் வி.கே. முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். சின்ன வயதில் தேர்க்கடையில் மண் சொப்பு வாங்கிய எனக்கு, இன்றைய பெண்கள் பருத்திப் புடவையோடு சுடுமண் ஜிமிக்கி அணிவதைப் பார்க்கையில் நெஞ்சு நிறைகிறது. ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் பொறுமையாகக் கிளறினால் நல்ல பருத்தி இன்னும் அகப்படுகிறது. மடிப்பு விட்டுத் தைக்கச் சொன்னால் புரிந்துகொள்ளும் தையற்காரர்களும் பாகூரில் இருக்கிறார்கள்.

அதனால் பேத்திகளுக்குத் தேர்த் துணியை நான்தான் எடுக்கிறேன். நிறத்தை அவர்கள் தேர்ந்தெடுக்கட்டும். பூவா கட்டமா என்பதையும் அவர்களே சொல்லட்டும். துணியைக் கசக்கிப் பார்க்கும் வேலை மட்டும் என்னுடையது. இந்த வருஷம் பெரியவள் தானாகவே ஒரு முனையை எடுத்துக் கசக்கி, விரித்துப் பார்த்து, “இது வேணாம் ஆயா, இதுல வேர்க்கும்” என்று தள்ளி வைத்தாள். அந்தத் தீர்ப்பு சரிதான்.