கரோலினின் கணக்கு நோட்டு

பி.காம். படிக்கிறவனுக்கு வானத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நிலா, வெள்ளி இரண்டைத் தவிர மேலே தெரிகிற எதற்கும் எனக்குப் பெயர் தெரியாது. ஆனால் கரோலின் ஹெர்ஷல் என்ற வானியலாளரைப் பற்றிப் படிக்கப் படிக்க, "அட, இவங்க நம்ம டிபார்ட்மெண்ட் ஆளாச்சே!" என்று தோன்றிவிட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

1750ல் ஜெர்மனியின் ஹனோவரில் பிறந்தவர். அப்பா ராணுவ பேண்டில் வாசிப்பவர். பத்து வயதில் டைபஸ் காய்ச்சல் வந்து, பிழைத்தார்; ஆனால் அதோடு வளர்த்தி நின்றுபோனது. கடைசி வரை நாலேகால் அடிதான். அழகும் இல்லை, பணமும் இல்லை, உன்னை யாரும் சுலபத்தில் கட்டிக்கொள்ள மாட்டார்கள் என்று அப்பாவே சொல்லிவிட்டார். அம்மாவுக்கோ, வீட்டு வேலைக்கு ஒரு ஆள் கிடைத்தாயிற்று, இவளுக்குப் படிப்பு எதற்கு என்ற எண்ணம்.

1772ல் இங்கிலாந்தின் பாத் நகரில் இசைக்கலைஞராக இருந்த அண்ணன் வில்லியம், தங்கையைப் பாடகியாக்கலாம் என்று கூட்டிப்போக வந்தார். அம்மா லேசில் விடவில்லை. கரோலினுக்குப் பதிலாக ஒரு வேலைக்காரி வைத்துக்கொள்ள வருடா வருடம் பணம் தருகிறேன் என்று வில்லியம் ஒப்புக்கொண்ட பிறகுதான் சம்மதம். அதுவும் போதாதென்று, இரண்டு வருடத்துக்குத் தாங்குகிற மாதிரி வீட்டாருக்குக் காலுறைகள் பின்னி வைத்துவிட்டுத்தான் கரோலின் வண்டி ஏறினார். அவர் உழைப்புக்கு அன்றைக்கே ஒரு விலை போட்டாகிவிட்டது பாருங்கள். பணம் மட்டும் அவர் கைக்கு வரவில்லை.

பாட்டு நன்றாகவே வந்தது. மேடையில் தனியாகப் பாடும் அளவுக்கு உயர்ந்தார். ஆனால் அண்ணனுக்கு வானப் பைத்தியம் பிடித்துவிட்டது. வீடு முழுக்கத் தொலைநோக்கிப் பட்டறை. ஒருமுறை கண்ணாடியைத் தேய்க்க ஆரம்பித்தவர் பதினாறு மணி நேரம் கையை எடுக்கவில்லையாம். தங்கைதான் சாப்பாட்டை வாயில் ஊட்டிவிட்டிருக்கிறார். 1781ல் வில்லியம் யுரேனஸைக் கண்டுபிடித்தார். அடுத்த வருடமே மூன்றாம் ஜார்ஜ் மன்னர் அவருக்கு ஆண்டுக்கு 200 பவுண்டு சம்பளம் போட்டார். இசையை மூட்டை கட்டியாயிற்று. கரோலினின் பாட்டும் அதே மூட்டையில் போய்விட்டது.

இனி ராத்திரி வேலை. அண்ணன் ஏணி மேல் நின்று தொலைநோக்கியில் கண் வைத்தபடி, தெரிவதைக் கத்திச் சொல்வார். அவரே எழுதப் போனால் விளக்கு வேண்டும். விளக்கைப் பார்த்தால் இருட்டுக்குப் பழகிய கண் கெட்டுவிடும். அதனால் தங்கை உள்ளே ஜன்னலோரம் கடிகாரத்தோடு உட்கார்ந்து குறித்துக்கொள்வார். பகலில் அத்தனைக்கும் கணக்குப் போட்டு, சுத்தமாகப் படியெடுப்பார். இருபது வருடத்தில் இப்படிச் சேர்ந்த நெபுலாக்களும் விண்மீன் கூட்டங்களும் 2500. (பெருக்கல் வாய்ப்பாடு அவருக்குக் கடைசிவரை மனப்பாடம் ஆகவில்லையாம், தாளில் எழுதி வைத்துக்கொள்வாராம். எனக்குப் பெரிய ஆறுதல்!)

1783 டிசம்பர் 31 இரவு, முட்டளவு பனியில் ஓடும்போது விழுந்து, ஒரு இரும்புக் கொக்கி தொடையில் ஏறிவிட்டது. சதையோடு பிய்த்துத்தான் எடுத்தார்கள். பிற்பாடு அதைப் பற்றி எழுதும்போது அவர் ஆறுதல்பட்ட விஷயம் என்ன தெரியுமா? மீதி ராத்திரி மேகமூட்டம், அதனால் அண்ணனுக்கு ஒன்றும் நஷ்டமில்லை!

இப்போது கணக்கு நோட்டுக்கு வருகிறேன். அண்ணன் வீட்டுப் பணப்பெட்டி இவர் பொறுப்பு. வாரக் கணக்கை இவர்தான் எழுதுவார். தனக்கென்று ஏதாவது வாங்கினால், அந்தத் தொகைக்குப் பக்கத்தில் 'கரோ.வுக்காக' என்று சின்னதாகக் குறித்து வைப்பார். கூட்டிப் பார்த்தால் வருடத்துக்கு ஏழெட்டு பவுண்டுகூடத் தேறவில்லை. நாங்கள் டிராயிங்ஸ் என்று ஒரு கணக்கு படிக்கிறோம், முதலாளி தன் சொந்தச் செலவுக்கு எடுப்பது. இவர் முதலாளியும் இல்லை, சம்பளக்காரரும் இல்லை. எந்தத் தலைப்பில் எழுதுவது?

1786 ஆகஸ்ட் 1. அண்ணன் ஜெர்மனி போயிருந்தார். தனக்கென்று இருந்த சின்னத் தொலைநோக்கியில் துழாவிக்கொண்டிருந்த கரோலின் ஒரு வால்நட்சத்திரத்தைப் பிடித்துவிட்டார். 1797க்குள் மொத்தம் எட்டு. அதில் 1788ல் பார்த்தது 1939ல் திரும்பி வந்தது, மறுபடி 2092ல் வரும்.

1787ல் மன்னர் அவருக்கும் ஆண்டுக்கு 50 பவுண்டு சம்பளம் போட்டார். அண்ணனுடையதில் கால்வாசி. அக்டோபரில் முதல் காலாண்டுக்கு பன்னிரண்டரை பவுண்டு கைக்கு வந்தது. தன் இஷ்டப்படி செலவு செய்யலாம் என்று வாழ்க்கையில் முதன்முதலாக நினைத்த பணம் இதுதான் என்று எழுதியிருக்கிறார். அப்போது அவருக்கு வயது முப்பத்தேழு.

அவர் செய்ததில் எனக்குப் பிடித்தது வால்நட்சத்திரம் இல்லை. ஃபிளாம்ஸ்டீட் என்ற பழைய வானியலாளரின் நட்சத்திரப் பட்டியல் 1725ல் அச்சானது. ஒரு தொகுதியில் அவர் இரவிரவாகப் பார்த்த பதிவுகள். இன்னொன்றில் அதிலிருந்து எடுத்த பட்டியல். அதாவது ஒன்று ஜர்னல், மற்றது லெட்ஜர். இரண்டும் பல இடங்களில் ஒத்துப்போகவில்லை. கரோலின் ஒவ்வொரு பதிவையும் பட்டியலோடு ஒப்பிட்டு, எது எந்தப் பக்கத்தில் என்று அட்டவணை போட்டார். தப்புகளைத் தனியே பட்டியலிட்டார். ஜர்னலில் இருந்தும் லெட்ஜருக்கு வராமல் விட்டுப்போன நட்சத்திரங்கள் 560 வரை அகப்பட்டன! 1798ல் ராயல் சொசைட்டி அதை வெளியிட்டது. ஒரு கிளாஸ் டெஸ்டில் டிரையல் பேலன்ஸ் டேலி ஆகாமல் பத்து ரூபாயைத் தேடி நான் பட்ட பாட்டை நினைத்துக்கொண்டேன்.

1788ல் வில்லியமுக்குக் கல்யாணமாகி, கரோலின் வேறு வீட்டுக்குக் குடிபோனார். அடுத்த பத்து வருட டைரியை அவரே பின்னாளில் அழித்துவிட்டார். அண்ணியோடு பிற்பாடு ராசியாகிவிட்டார் என்பதால் அழித்தார் என்கிறார்கள். எல்லாவற்றையும் எழுதி வைத்த மனுஷி அந்தப் பக்கங்களை மட்டும் விட்டுவைக்கவில்லை. வில்லியம் 1822ல் இறந்தபின் ஹனோவர் திரும்பி, அந்த 2500ஐயும் புதிதாக வரிசைப்படுத்தினார். அதற்காக 1828ல் ராயல் அஸ்ட்ரனாமிகல் சொசைட்டியின் தங்கப் பதக்கம். அடுத்து ஒரு பெண் அதைத் தனியாக வாங்கியது 1996ல், வேரா ரூபின். நடுவில் 168 வருடம்! கரோலின் 97 வயதில், 1848ல் இறந்தார்.

இதைப் படித்த அன்று ராத்திரி, ஃபிரிட்ஜ் மேல் கிடக்கும் எங்கள் வீட்டுக் கணக்கு நோட்டை எடுத்துப் புரட்டினேன். அம்மா எழுதுவது. பால், கேஸ், அப்பா வண்டிக்குப் பெட்ரோல், என் செமஸ்டர் ஃபீஸ், என் செல் ரீசார்ஜ். மூன்று மாதம் பின்னால் போனபிறகு ஒரு வரி கிடைத்தது. 'எனக்கு செருப்பு – 180.'

"என்னடா திடீர்னு கணக்கெல்லாம் பாக்கற, பணம் ஏதும் வேணுமா?" என்றார் அம்மா.